நாட்டுப்பற்று யாரிடம் இருந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தேசியவாதம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, நாட்டுப்பற்றையும் அதனோடு சேர்த்துக் குற்றக்கூண்டில் நிறுத்திவிட்டது. என்னால் இதை ஏற்க முடியவில்லை.

முதலில் தேசியவாதத்தையே எடுத்துக்கொள்வோம். 1945இல் ஐ.நா. சபை தொடங்கியபோது உறுப்பு நாடுகள் 51, இன்று 193. புதிதாகச் சேர்ந்தவற்றில் பெரும்பாலானவை, அந்நிய ஆட்சியிலிருந்து விடுபட்ட மக்களின் நாடுகள். 1960 என்ற ஒரே ஆண்டில் ஆப்பிரிக்காவில் மட்டும் 17 நாடுகள் விடுதலை பெற்றன. நாம் ஒரு மக்கள் என்ற உணர்வு இல்லாமல் இது நடந்திருக்குமா? முகம் தெரியாத ஒருவரின் மருத்துவத்துக்கும், யாரோ பெற்ற பிள்ளையின் படிப்புக்கும் நாம் வரி கட்டுவதும் இதே உணர்வின் பலத்தில்தான்.

ஆனால் நாட்டின் பெருமையைக் காப்பதாகச் சொல்லிப் பொய்யைக் காக்கும் கூட்டமும் உண்டு. பிரான்ஸில் 1894இல் டிரைஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரியை, ஜெர்மனிக்கு ரகசியம் விற்றதாகத் தண்டித்துத் தீவுச் சிறைக்கு அனுப்பினார்கள். உளவுப் பிரிவின் தலைவராகப் பின்னர் வந்த பிகார், கையெழுத்துகளை ஒப்பிட்டு, உண்மைக் குற்றவாளி எஸ்தர்ஹாசி என்ற வேறொரு ராணுவ அதிகாரி என்பதைக் கண்டுபிடித்தார். யூதர்கள்மீது பிகாருக்கும் நல்ல எண்ணம் கிடையாது. ஆனாலும் நிரபராதி சிறையில் கிடப்பதை அவர் மனம் ஒப்பவில்லை. வாயை மூடச் சொன்னார்கள். மூடவில்லை. துனீசியாவுக்கு மாற்றினார்கள், பிறகு சிறையில் தள்ளினார்கள். ராணுவத்தின் மானத்தை வாங்குகிறார் என்பதுதான் அவர்மீது வீசப்பட்ட பழி. உண்மையில் அந்த மானத்தை வாங்கியவர்கள், டிரைஃபஸுக்கு எதிராகப் போலி ஆவணம் தயாரித்தவர்கள் அல்லவா?

1906இல் டிரைஃபஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பானது. அதே ஆண்டு பிகார் போர்த்துறை அமைச்சரானார். என்னை நெகிழவைப்பது அதற்குப் பிறகு நடந்தது: தன்னை அவ்வளவு அவமானப்படுத்திய நாட்டுக்காக, முதல் உலகப் போரில் டிரைஃபஸ் மீண்டும் சீருடை அணிந்தார்.

இந்த இருவரிடமும் இருந்ததற்கு நாட்டுப்பற்று என்றல்லாமல் வேறு என்ன பெயர் வைப்பது? வெறியர்களைக் கண்டிக்கும் கட்டுரையாளர், இவர்களைப் போன்றவர்களையும் அதே பட்டியலில் சேர்ப்பது அநியாயம். அப்படிச் செய்தால் நாட்டுப்பற்று என்ற நல்ல சொத்தை வெறியர்களுக்கே எழுதிக்கொடுத்ததாகிவிடும். அடுத்த கட்டுரையில் இதற்கு அவர் பதில் எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்