சோழகக் காற்றும் தட்டின் நிறையும்

யாழ்ப்பாணம்

அன்புள்ள நண்பருக்கு,

உமது கடிதமும் அதற்கு முன்னரே நீர் அனுப்பிவைத்த, டிஸ்க் கோல்ஃப் விளையாட்டில் தூரம் எறிவதற்கான இரண்டு டெஸ்ட்ரோயர் தட்டுகளும் பத்திரமாகக் கிடைத்தன. இங்கே வீட்டில் எல்லோரும் நலம். காற்று வீசும் நாளில் 175 கிராம் தட்டைத் தவிர வேறெதையும் தொட வேண்டாம் என்று எழுதியிருந்தீர். அந்த அறிவுரை எதிர்காற்றுக்குச் சரி. எல்லாக் காற்றுக்கும் அதையே விதியாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டு தட்டுகளிலும் வேகம், மிதப்பு, தொடக்கத்து வலப்பக்கச் சாய்வு, இறுதியில் இடப்பக்கத் திரும்பல் ஆகியவற்றை முறையே குறிக்கும் 12, 5, -1, 3 என்ற அதே எண்கள்தான் இருக்கின்றன. அடிப்பக்கத்தில் மையால் எழுதிய நிறை மட்டும் ஒன்றில் 175, மற்றதில் 154. காற்று எழும்பாத காலை வேளையில் முற்றவெளித் திடலில் எறிந்தால், 154 கிராம் தட்டு என் கைக்கு இலகுவாக வேகமெடுத்து, வலப்பக்கம் மெல்லச் சாய்ந்து, நெடுநேரம் மிதந்த பின்னரே இடப்பக்கம் திரும்புகிறது. 175 கிராம் தட்டோ சாய்வதற்கு வேண்டிய வேகம் என் தோளிலிருந்து கிடைக்காமல், நேரே போய் இடப்பக்கம் வெட்டி விழுந்துவிடுகிறது. உமது தோளுக்கு அது வேறு விதமாகப் பறக்கலாம்.

வேகமாகச் செல்லும்போது காற்றின் அழுத்தம் தட்டின் நடுவுக்குப் பின்னால் விழுந்து மூக்கை, அதாவது முன்விளிம்பை, கீழே அழுத்தப் பார்க்கிறது. தட்டு சுழன்றுகொண்டிருப்பதால், வலக்கையால் பின்கைப் பக்கமாக எறியும் நமக்கு, அந்த அழுத்தம் வலப்பக்கச் சாய்வாக வெளிப்படுகிறது. வேகம் குறையும்போது அழுத்தம் முன்னோக்கி நகர, சாய்வும் இடப்பக்கம் மாறுகிறது. நிறை குறைந்த தட்டில் சுழற்சியின் பிடிமானமும் குறைவு என்பதால் அதே அழுத்தம் அதைக் கூடுதலாகச் சாய்த்துவிடும்.

இங்கே கவனிக்க வேண்டியது, தட்டு உணர்வது நிலத்தின் மேலான வேகத்தை அல்ல, காற்றுக்குள் தான் செல்லும் வேகத்தையே என்பதாகும். மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் எறிந்த தட்டு 25 கிலோமீற்றர் எதிர்காற்றில் 105 ஆகவும், அதே காற்று முதுகுப்புறமாக வீசினால் 55 ஆகவும் உணரும். ஆகவே எதிர்காற்றில் 154 கிராம் தட்டு மேலெழும்பிக் கவிழ்ந்துவிடுகிறது. கனமானது தன் பாதையில் நிற்கிறது. பின்காற்றிலோ மிதப்பும் சாய்வும் குறைந்து தட்டு முன்னதாகவே இறங்கிவிடுவதால், அங்கே கனத்தைச் சேர்ப்பது குறையோடு குறை சேர்ப்பதாகும். அமெரிக்க வீரர் டேவிட் விக்கின்ஸ் 2016 இல் நெவாடாப் பாலைவனத்தில் 338 மீற்றர் எறிந்து உலக சாதனை படைத்ததும் பின்காற்றின் துணையோடுதான்.

பக்கக் காற்றில் நிறையைவிடச் சாய்வே முக்கியம். தட்டின் வயிற்றுப்பக்கம் காற்றுக்குத் தெரிந்தால், வல்வெட்டித்துறைப் பட்டம் போல அது தூக்கிக்கொண்டு போய்விடும். முதுகைக் காட்டினால் காற்றே அதை நிலத்தில் அறைந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டெஸ்ட்ரோயரின் விட்டம் 21 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூட. விட்டத்தின் ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் 8.3 கிராம் வரையே போட்டி விதி அனுமதிப்பதால், 175 கிராம் என்பது அதன் உச்ச எல்லை. அதற்கு மேல் கனம் தேடி எதிர்காற்றை வெல்ல வழியில்லை. இன்னும் பலமான காற்றுக்கு, இயல்பிலேயே சாய மறுக்கும் வேறு வார்ப்பை, அதாவது வேறு வடிவத் தட்டைத்தான் எடுக்க வேண்டும். சில கிராம் வித்தியாசத்தைவிட வார்ப்பின் வித்தியாசமே பறப்பில் பெரிதாகத் தெரிகிறது என்பதால், கடைகளில் நிறையை மட்டும் விசாரிக்கும் வழக்கம் எனக்கு விளங்குவதில்லை.

மார்கழியில் நீர் வரும்போது வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக் காற்று தொடங்கியிருக்கும். மணற்காட்டுக் கடற்கரையில் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால் அது நமக்குப் பின்காற்று. தட்டும் கடலில் விழாது. தென்மேற்கிலிருந்து சோழகம் வீசும் காலத்தில் அங்கே பின்காற்றில் எறிந்தால் தட்டு கடலோடு போய்விடும், இவ்வகைத் தட்டுகளோ பெரும்பாலும் தண்ணீரில் அமிழ்ந்துவிடுபவை. ஆகவே மார்கழிப் பின்காற்றுக்கென 12, 6, -2, 2 என்ற எண்களுள்ள டேர்ன் தட்டு 160 கிராமுக்குள் கிடைத்தால் இரண்டு வாங்கி வாரும். உமது 175 கிராம் தட்டையும் மறக்காமல் கொண்டு வாரும். கடலைப் பார்த்து எறியும் முறை வரும்போது அது இருவருக்கும் தேவைப்படும்.

அன்புடன்,
உமது பழைய நண்பன்