பிடித்த போலிச் சரக்கை உடைக்காமல் வெளியே விடாதீர்கள்: உள்துறைச் செயலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு உள்துறைச் செயலர் அவர்களுக்கு,

வணக்கம். கோவை கணபதியில் பதினொரு பேரோடு மோட்டார் சுற்ற உதவும் கெபாசிட்டர் என்ற பாகத்தைச் செய்யும் பட்டறை நடத்துகிறேன். அப்பா ஆரம்பித்தது. பெரிய கம்பெனி இல்லை. ஆனால் அன்னூர், அவிநாசி, பல்லடம் பக்கத்து எலக்ட்ரீஷியன்கள் கடையில் எங்கள் பெயரைச் சொல்லித்தான் கேட்பார்கள். அப்படிக் கேட்க வைக்க எங்களுக்கு இருபத்தெட்டு வருஷம் ஆனது.

போன சித்திரையில் அன்னூரிலிருந்து ஒரு எலக்ட்ரீஷியன் வந்தார். ஒரு விவசாயியின் போர்வெல் மோட்டாரில் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுற்று) எரிந்துவிட்டது, உங்கள் கெபாசிட்டர்தான் போட்டிருந்தது என்று சொல்லி அதை மேசையில் வைத்தார். மேலே எங்கள் பெயர், எங்கள் பச்சை லேபிள், 36 எம்.எஃப்.டி. (மைக்ரோஃபாரட், கெபாசிட்டரின் திறன் அளவு), 440 வோல்ட். மீட்டரை வைத்தால் 11 காட்டியது. டப்பாவை அறுத்துப் பார்த்தோம். உள்ளே கட்டைவிரல் பருமனில் ஒரு சின்னக் கெபாசிட்டர். மீதி இடம் முழுக்கக் கறுப்பு மெழுகு. இப்படி ஒன்றைப் போட்டால் மோட்டார் உறுமும், சுற்றாது. ஆள் ஓடிப்போய் ஸ்விட்சை அணைப்பதற்குள் காயில் போய்விடும்.

போலி என்று எனக்கு உடனே தெரிந்தது. அது புதிதில்லை. லேபிளின் ஓரத்தில் இருந்த சிவப்புப் பொட்டுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. நகத்தால் சுரண்டினேன். அரக்கு. அதில் ஒரு சணல் நூல் ஒட்டியிருந்தது.

அரக்கும் சணலும் எந்தப் பட்டறையிலும் கெபாசிட்டர் மேல் வராது ஐயா. பறிமுதல் செய்த மூட்டையின் வாயைக் கட்டி முத்திரை வைக்கும்போதுதான் வரும். சில வருஷங்களுக்கு முன்னால் நான் புகார் கொடுத்து, சோதனை போட்டு, மகஜர் (சாட்சிகள் முன்னால் எழுதும் பறிமுதல் பட்டியல்) எழுதி, என் கண் முன்னால் அரக்கு உருக்கி மூடிய பதினான்கு மூட்டைகளில் இருந்த சரக்கு அது. மாநிலத்தின் பாதுகாப்பில் இருந்த போலி, மறுபடி கடைக்கு வந்து ஒரு விவசாயியின் மோட்டாரை எரித்திருக்கிறது.

எந்தக் காவல் நிலையம், எந்த நீதிமன்றம் என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை. யாரையும் மாட்டிவிடுவதற்காக எழுதவில்லை. காரணமும் இருக்கிறது. விசாரித்துப் பார்த்தபோது யாரும் எதையும் திருடவில்லை என்றுதான் தெரிந்தது.

கடைக்காரர் மொத்த வியாபாரியைக் காட்டினார். மொத்த வியாபாரி ஒரு காயலான் கடையைக் காட்டினார். காயலான் கடைக்காரர் டிராயரைத் திறந்து ரசீதையே எடுத்துக் கொடுத்தார். வழக்கு முடிந்து, மேல்முறையீட்டுக் காலமும் கழிந்து, தேங்கிக் கிடந்த சொத்துகளோடு சேர்த்து ஏலம் விட்டிருக்கிறார்கள். அலுமினிய ஸ்கிராப் என்று கிலோ கணக்கில் போயிருக்கிறது. "ஏனுங்க, பாதிச் சரக்கு புதுசாட்டம் இருந்துச்சுங்க. அதைப் போயி யாருங்க உடைப்பாங்க?" என்று கேட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உடைத்துவிட்டுத்தான் கொடுத்திருக்க வேண்டும், கொடுத்தவர்கள்.

அந்தச் சரக்கு எங்கெல்லாம் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். நிலையத்தின் சொத்து அறையில் இடம் இல்லை. கொலைக் கத்தி, திருட்டு வண்டியின் பேட்டரி, மணல் வழக்கின் மண்வெட்டி எல்லாம் அங்கேதான். எங்கள் மூட்டைகளில் நான்கு உள்ளே போனது, பத்து பின்பக்க வேப்பமரத்தடியில் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது. இரண்டு மழைக்காலம் அப்படியே போனது. ஒரு முறை சாட்சி சொல்லப் போனபோது எட்டிப் பார்த்தேன். கீழ் வரிசைச் சாக்குகள் இற்றுப்போய், அட்டைப் பெட்டிகள் கூழாகி, லேபிள்கள் கரையான் மண்ணோடு ஒட்டிக் கிடந்தன. நிலையத்தில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் நல்ல மனிதர். "நான் என்ன சார் பண்றது, ஃபாரம் 95 போட்டு அனுப்புனா, கோர்ட்லயும் இடமில்லைன்னு திருப்பி அனுப்பறாங்க" என்றார். பறிமுதல் பொருளை நீதிமன்றத்துக்கு அனுப்பும்போது போலீஸ் நிரப்பும் படிவம்தான் ஃபாரம் 95. அவர் சொன்னதில் பொய் இல்லை.

கணக்கு எப்படி இருந்தது தெரியுமா? மகஜரில் 2,860 உருப்படி என்று எண்ணி எழுதினோம். ஏல ரசீதில் 262 கிலோ என்று இருக்கிறது. உள்ளே போனது எண்ணிக்கையில், வெளியே வந்தது எடையில். பெட்டி மழையில் கரைந்ததால் எடை குறைந்ததா, சரக்கே குறைந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. குறைந்ததென்றால் எங்கே குறைந்தது என்பதும் தெரியாது.

இது என் ஒருவன் கதையாக இருந்தால் உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ள மாட்டேன். உச்ச நீதிமன்றம் 2002லேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில், பறிமுதல் பொருளைக் காவல் நிலையத்தில் 15 நாள், மிஞ்சினால் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அந்த வழக்கு எதில் கிளம்பியது என்பதையும் பாருங்கள். பறிமுதல் பொருளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் போலியை வைத்தார்கள் என்பதும் அங்கே காவலர்கள் மீதிருந்த புகார்களில் ஒன்று. நம் ஊரிலேயே 2023ல் ஒரு கஞ்சா வழக்கு. பிடித்த 22 கிலோவில் பெரும்பகுதியை எலி தின்றுவிட்டதாகச் சொல்லப்பட்டு, சென்னை நீதிமன்றம் இரண்டு பேரை விடுதலை செய்தது. கஞ்சாவுக்கே இந்தப் பாதுகாப்பு என்றால், கெபாசிட்டர் மூட்டையை யார் பார்க்கப் போகிறார்கள்?

ஒரு போலிச் சரக்கைப் பிடிப்பது எவ்வளவு பெரிய வேலை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். வர்த்தகக் குறிச் சட்டத்தின் 115ஆம் பிரிவுப்படி டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாதவர்தான் வாரண்ட் இல்லாமல் சோதனை போடலாம். அதற்கும் முன்னால் வர்த்தகக் குறிப் பதிவாளரின் கருத்தை வாங்க வேண்டும். அந்தக் கடிதம் வருவதற்குள் சரக்கு கை மாறிவிடும் என்பதால், லேபிளின் ஓவியம் எங்களுடையது என்று சொல்லி, பதிப்புரிமைச் சட்டத்தில் புகார் கொடுக்கச் சொல்வார்கள் வக்கீல்கள். அதில் எஸ்.ஐ.யே பறிமுதல் செய்யலாம். நானும் அப்படித்தான் செய்தேன். நான்கு மாதம் பட்டறையைத் தம்பியிடம் விட்டுவிட்டு அலைந்தேன். அவ்வளவும் செய்து பிடித்ததைக் கிலோ கணக்கில் திருப்பி விட்டால், அந்தச் சோதனைக்கு என்ன பொருள்?

சட்டத்தில் குறை இருக்கிறதா என்று தேடினேன். பெரிதாக இல்லை. 1999ஆம் ஆண்டு வர்த்தகக் குறிச் சட்டத்தின் 111ஆம் பிரிவு, பறிமுதலான சரக்கை அழிக்க உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) இன்னும் தெளிவாகவே சொல்கிறது. 497ஆம் பிரிவு. பொருள் நீதிமன்றத்துக்கு வந்த 14 நாளுக்குள் அதன் விவரப் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். படம் எடுக்க வேண்டும், தேவையென்றால் வீடியோவும். அந்தப் பட்டியலும் படமும் விசாரணையில் சாட்சியமாகச் செல்லும். அதன் பிறகு 30 நாளுக்குள் பொருளை என்ன செய்வது என்று உத்தரவு போட வேண்டும், அழிப்பது உட்பட. ஆக, தீர்ப்பு வரும்வரை பதினான்கு மூட்டையும் வேப்பமரத்தடியில் கிடக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒவ்வொரு லாட்டிலும் பத்து மாதிரியை எடுத்து முத்திரை வைத்துவிட்டு மீதியை அழித்துவிடலாம்.

அந்த விவரப் பட்டியல் எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்று விதி வகுக்கும் பொறுப்பை அதே பிரிவு மாநில அரசிடம் கொடுத்திருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதத்தை நீதிமன்றத்துக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். அந்தப் படிவத்தில் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் எடைக்கும் ஒரு கட்டம் வையுங்கள். பிடித்த இடத்தில் ஒரு எடை, கிடங்கில் இறக்கும்போது ஒரு எடை, அழிக்கும்போது ஒரு எடை. மூன்றும் ஒரே தாளில் இருக்கட்டும். எந்தக் கட்டத்தில் குறைகிறதோ அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் பதில் சொல்லட்டும். ரைட்டருக்கும் அது பாதுகாப்புதான். எடை மேடை எல்லா ஊரிலும் இருக்கிறது.

நீதிமன்ற உத்தரவில் நீங்கள் தலையிட முடியாது என்று தெரியும். ஆனால் பல நேரம் அரசு வழக்கறிஞர் என்ன கேட்கிறாரோ அதை ஒட்டித்தான் உத்தரவு வருகிறது. குற்ற வழக்குத் தொடர்வுத் துறை உங்களிடம்தான் இருக்கிறது. போலிச் சரக்கு வழக்கு எதுவாக இருந்தாலும், 'ஏலம்' என்ற சொல் அந்த மனுவில் வரக் கூடாது, 'உருத்தெரியாமல் உடைத்த பின் அப்புறப்படுத்த' என்றுதான் கேட்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போதும். என் வழக்கில் அந்த ஒரு வரி இருந்திருந்தால் அன்னூர்க்காரரின் மோட்டார் தப்பித்திருக்கும்.

துறைமுகத்தில் ஏற்கெனவே இப்படித்தான் விதி இருக்கிறது. இறக்குமதியாகும் போலிகளுக்காக மத்திய அரசு 2007ல் கொண்டுவந்த விதிகளில், சரக்கை அதிகாரிகள் முன்னிலையில் அழிக்க வேண்டும், இல்லையென்றால் பெயருக்கு உரியவரின் சம்மதத்தோடு வழக்கமான வியாபாரத்துக்கு வெளியே அப்புறப்படுத்த வேண்டும் என்று இருக்கிறது. வந்த கப்பலிலேயே அப்படியே திருப்பி அனுப்பவும் கூடாது. சென்னைத் துறைமுகத்தில் பிடித்தால் ஒரு நியாயம், கணபதியில் பிடித்தால் ஒரு நியாயமா?

அவ்வளவு தூரம் போக வேண்டாம். உங்கள் துறையின் முழுப் பெயரே உள்துறை, மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. விழுப்புரம், கடலூர் பக்கம் பிடிபட்ட புதுச்சேரி மது பாட்டில்களை வரிசையாக அடுக்கி, ரோடு ரோலர் ஏற்றி நொறுக்கும் படத்தை நாங்கள் எத்தனையோ முறை பேப்பரில் பார்த்திருக்கிறோம். அந்த பாட்டில் மறுபடி கடைக்கு வரும் என்று யாருக்கும் சந்தேகம் வருவதில்லை, உடைத்ததை ஊரே பார்த்துவிட்டது. அந்த ஒழுங்கைத்தான் போலி பிரேக் ஷூவுக்கும் போலி ஸ்விட்சுக்கும் கேட்கிறேன்.

எரிப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அழிப்பது என்றதும் பின்பக்கம் குழி தோண்டிப் பெட்ரோல் ஊற்றும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அது வேண்டாம். கெபாசிட்டருக்குள் பிளாஸ்டிக் படலமும் எண்ணெயும் மெழுகும் இருக்கும், ஒயர் என்றால் பி.வி.சி. எரிகிற இடத்தில் நிற்பவர் உங்கள் காவலர்தான். நசுக்கிவிட்டு, 2022ஆம் ஆண்டு மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைக்கு எடை ரசீதோடு அனுப்பினால் அலுமினியமும் வீணாகாது. சட்டை, பனியன் வேறு விஷயம். திருப்பூர் நண்பர்களிடம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். பெயருக்கு உரியவர் சம்மதித்தால் லேபிளை வெட்டிவிட்டு விடுதிகளுக்குக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. துணி யாரையும் கொல்லாது. மருந்து, மின்பொருள், வண்டிப் பாகம் எதிலும் இந்தத் தயவு கூடாது.

அப்புறம் செலவு. சுங்க விதியில் அழிக்கும் செலவு பெயருக்கு உரியவர் தலையில்தான் விழுகிறது. பெரிய நிறுவனம் தாங்கும். எங்களைப் போன்றவர்களுக்கு அது இரண்டாவது அடி. இப்போதே நான் அதை அனுபவித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாவதாக ஒரு வழக்கில் பிடித்த ஆறு மூட்டையை, நிலையத்தில் இடம் இல்லை என்பதால், பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு என் குடோனிலேயே வைத்திருக்கச் சொன்னார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பிரிக்கக் கூடாது, நகர்த்தக் கூடாது, கூப்பிடும்போது கொண்டுவர வேண்டும். என் நல்ல சரக்கை அடுக்கும் இடத்தில், என் பெயர் போட்ட கெட்ட சரக்கு உட்கார்ந்திருக்கிறது. வாடகை நான் கொடுக்கிறேன். வேலைக்கு வரும் பெண்கள் மாறி எடுத்துவிடக் கூடாதே என்று அந்த மூலையைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டி வைத்திருக்கிறேன். தினமும் காலையில் கடையைத் திறந்ததும் ஆறு முத்திரையும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் முதல் வேலை. மாவட்டத்துக்கு ஒன்றாக, கூரையும் பூட்டும் கேமராவும் உள்ள ஒரு பொதுச் சொத்துக் கிடங்கு இருந்தால், ரைட்டருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

அந்த ஆறு மூட்டைக்கு அழிப்பு உத்தரவு கேட்டு எங்கள் வக்கீல் மனுப் போட்டிருக்கிறார். அரசு வழக்கறிஞர் இன்னும் பதில் தாக்கல் செய்யவில்லை, வாய்தா நகர்ந்துகொண்டே இருக்கிறது. பட்டறையில் பவர் பிரஸ் இருக்கிறது. உத்தரவு வரும் நாளில் ஒரு அதிகாரியை அனுப்பிவையுங்கள். மாதிரியை எடுத்துக்கொண்டு மீதியை எடை போட்டு அவர் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாக நசுக்கித் தருகிறோம். இரண்டு மணி நேர வேலை. கூலி எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
கோவை கணபதியிலிருந்து,
ஒரு கெபாசிட்டர் பட்டறைக்காரன்