தாலிப் படத்தில் விழுந்த பட்டைகள்

கும்பகோணம்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியைப் படித்து வீடே மகிழ்ந்தது. குழந்தையின் படம் அனுப்பு.

இந்த வயதில் உள்ளே கண்ணாடி இல்லாத மிர்ரர்லெஸ் கேமரா வாங்கிப் புதிதாகக் கற்க முடியுமா என்று கேட்டிருந்தாய். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

ஆவணி முதல் முகூர்த்தம். புதுக் கேமரா கைக்கு வந்து நான்கு நாள். மந்திரத்துக்கு நடுவே சத்தம் வேண்டாமே என்று எலெக்ட்ரானிக் ஷட்டரை வைத்தேன். கெட்டிமேளம் முழங்கியது, மாப்பிள்ளை முடிச்சுப் போட்டார், தொடர்ந்து எடுத்தேன். பிறகு திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், பெண்ணின் கழுத்திலும் கூறைப்புடவையிலும் குறுக்கே வெளிச்சமும் இருட்டுமாகப் பட்டைகள். எல்லாப் படத்திலும்! வயிறு கலங்கிவிட்டது. உதவிக்கு வந்த பையன் ஓரமாக நின்று பழைய கேமராவில் எடுத்த நான்கு படங்கள்தான் அந்த வீட்டாருக்கு மிஞ்சின.

காரணம் மண்டபத்து எல்இடி விளக்குகள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி எரிகின்றன, கண்ணுக்குத் தெரிவதில்லை. எலெக்ட்ரானிக் ஷட்டரிலோ பெரும்பாலான கேமராக்களின் சென்சார் படத்தை வரிவரியாகத்தான் வாசிக்கிறது. நான் வைத்திருந்த ஷட்டர் வேகம் 1/500 நொடி. ஒரு வரிக்கு விளக்கு பிரகாசமாக இருந்த நேரம் கிடைத்தது, அடுத்த சில வரிகளுக்கு மங்கிய நேரம். 1/100 அல்லது 1/50 வைத்தால் ஒவ்வொரு வரிக்கும் முழுத் துடிப்பு கிடைத்துவிடும், பட்டை விழாது. மேடைக்குப் பின்னால் இருக்கும் எல்இடி திரைக்கு மட்டும் இந்தக் கணக்கு உதவாது. அதன் துடிப்பே வேறு. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, வேகத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்க்க வேண்டும்.

இதில் என்னை உறுத்துவது எது தெரியுமா? ஃபிலிம் கழுவும் டி-76 மருந்தைப் புதிதாகக் கலக்கினால், ஒரு துண்டு ஃபிலிமை முக்கிப் பார்க்காமல் வாடிக்கையாளரின் ரோலை அதில் போட்டிருப்போமா? இருட்டறையில் அண்ணாச்சி நமக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதானே. அதை நான் மறந்தேன். இப்போது முந்தின நாள் மாலையே மண்டபத்துக்குப் போய், எல்லா விளக்குகளையும் போடச் சொல்லி, பத்துப் படம் எடுத்துப் பார்த்துவிடுகிறேன்.

கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் உண்மையிலேயே பெரிய வரம். ஆனால் தாலி கட்டும்போது சுற்றிலும் இருபது முகங்கள். பின்னால் குனியும் நாத்தனாரின் கண்ணை அது பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்துக்கு ஃபோகஸ் புள்ளியை நானே பெண்ணின் மேல் வைத்துவிடுகிறேன். படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் 2023-இல் வந்த, படத்தின் புள்ளி இரைச்சலை நீக்கும் டீநாய்ஸ் வசதியையும் பழகிக்கொள். வெளிச்சம் குறைந்த கோயில் கல்யாணங்களில் ரா கோப்பாக (கேமரா திருத்தாமல் அப்படியே பதிவது) எடுத்த படங்களை அது நன்றாகத் தேற்றுகிறது. அளவு கூடினால் முகம் மெழுகுபோல ஆகிவிடும், அதைப் பார்த்துக்கொள்.

வாங்குவதற்கு அவசரப்படாதே. புரட்டாசியில் முகூர்த்தம் இல்லை, இங்கே வந்து ஒரு வாரம் இரு. என் கேமராவிலேயே பழகு. உன் பழைய நிக்கான் லென்ஸ்களையும் எடுத்து வா. அவற்றை என் கேமராவில் மாட்ட என்னிடம் அடாப்டர் இருக்கிறது. கையால் ஃபோகஸ் செய்துகொள்ளலாம், உனக்கு அது கைவந்த வேலைதானே. காலையில் மகாமகக் குளக்கரையில் எடுத்துப் பார்ப்போம்.

அன்புடன்,
ராஜு