ஞாயிறு தரங்கம்பாடி: வருகிறவர்கள் கவனத்துக்கு

குழு நண்பர்களுக்கு வணக்கம். ஞாயிறு விடியற்காலை மயிலாடுதுறை பேருந்து நிலையத்தில் கூடிக் கிளம்புகிறோம். கடலில் சூரியன் எழும்போது அங்கே இருக்கணும், அதனால் யாருக்காகவும் காத்திருக்க மாட்டோம். பிந்தினால் அடுத்த பஸ்ஸில் வந்துவிடுங்கள்.

முதலில் மாசிலாமணிநாதர் கோயில். 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. பெரும்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. மிச்சத்தைக் காக்கக் கரையில் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். பாறைகளில் பாசி வழுக்கும், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ராஜ வீதி. கனத்த தூண்கள், ஆள் உயரத்துக்கும் மேலான ஜன்னல்கள், சத்தமில்லாத தெரு. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு அடக்கம் செய்யப்பட்டிருக்கும் 1718-ஆம் ஆண்டுத் தேவாலயமும் இங்கேதான். ஆராதனை நேரம், உள்ளே போட்டோ வேண்டாம்.

டென்மார்க்கிலிருந்து வந்த டேனியர் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டையைக் கடைசியில் பார்க்கலாம். 1845-இல் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள்! கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகம் பார்க்க விரும்பாதவர்கள் மணலில் உட்கார்ந்து வலை பின்னுவதை வேடிக்கை பார்க்கலாம். என் ஓட்டு அதற்குத்தான்.

தண்ணீர், தொப்பி அவசியம். வருகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயர் போடுங்கள்.