குடுவையைக் கழுவினாயா?

அன்புள்ள மூர்த்தி,

எட்டு மாதமாகக் கடிதம் போடவில்லை. முதல் ஆறு மாதம் வெறும் சோம்பல்தான், அதற்கு நீ எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். கடைசி இரண்டு மாதக் கதை வேறு. வீட்டில் எல்லோரும் நலம், சுமதி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

குடலிறக்கத்துக்கு அறுவை செய்யலாம் என்று போனேன். அதற்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணு 1,20,000. இருக்க வேண்டியது 11,000-க்குள். நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயாம். பதறாதே, உனக்கும் சேர்த்து நானே பதறி முடித்துவிட்டேன்.

என் எலும்பு மஜ்ஜையில் எங்கோ ஒரு செல்லில் 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் ஆளுக்கொரு துண்டை மாற்றிக்கொண்டிருக்கின்றன. குட்டையாகிப்போன அந்த 22-ஐ நோவல், ஹங்கர்ஃபோர்டு என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1960-லேயே பார்த்துவிட்டார்கள். துண்டு இடம் மாறிய கதையை ஜேனட் ரௌலி 1973-இல் கண்டுபிடித்தார். 9-இல் இருந்த ஏபிஎல் ஒரு கைனேஸ். கைனேஸ் ஞாபகமிருக்கிறதா? செல்லுக்குச் சக்தி தரும் ஏடிபி மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டைப் பிடுங்கி இன்னொரு புரதத்தின் மேல் ஒட்டிவிடும், ஒட்டியதும் அந்தப் புரதம் வேலையைத் தொடங்கும், அல்லது நிறுத்தும். நம் உடம்பில் இப்படி 500-க்கு மேல் இருக்கின்றன. ஏபிஎல் தன்னைத்தானே அடக்கிக்கொள்ளத் தெரிந்த சாது. 22-இல் இருந்த பிசிஆர் (BCR) என்ற மரபணுவோடு ஒட்டியதும் அந்த அடக்கம் போய்விட்டது. 'பெருகு, பெருகு' என்று ஓயாமல் ஏவிக்கொண்டே இருக்கிறது.

ஏபிஎல் பாஸ்பேட்டை ஒட்டுவது புரதத்தில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் மேல். அப்படி ஒரு வகை இருப்பதே 1979 வரை யாருக்கும் தெரியாது, செரின், திரியோனின் இரண்டோடு சரி. டோனி ஹன்டர் என்றொருவர் புதுக் கரைசல் தயாரிக்கச் சோம்பல்பட்டு பழையதையே ஊற்றியிருக்கிறார். அதன் அமிலத்தன்மை கொஞ்சம் ஏறிப்போயிருந்ததால், எப்போதும் திரியோனினோடு ஒட்டிக்கொண்டு ஒரே புள்ளியாகத் தெரிந்த டைரோசின் அன்றைக்குத் தனியாகப் பிரிந்து நின்றது. படித்ததும் உன் முகம்தான் ஞாபகம் வந்தது. அதே குற்றத்துக்கு உன்னை நம் லேப் வாத்தியார் கண்ணாடி சார் வெளியே நிற்க வைத்தார், உலகம் ஹன்டரைக் கொண்டாடியது!

எனக்குத் தருவது இமாட்டினிப், தினம் 400 மில்லிகிராம். 2001-இல் அனுமதி பெற்ற மருந்து. ஏடிபி வந்து உட்காரும் குழிக்குள் இது போய் உட்கார்ந்துகொள்ளும். ஏடிபி இல்லாவிட்டால் ஒட்டுவதற்குப் பாஸ்பேட் ஏது? ஐந்தே வாரத்தில் வெள்ளை அணு 8,000. டாக்டர் கைகுலுக்கினார்.

இனி எழுதுவது சுமதிக்குத் தெரியாது. போன மாதம் நான்கு நாள் மாத்திரை போடவில்லை. காலையில் கண்ணாடியில் பார்த்தால் இமை இரண்டும் அழுதவன்போல வீங்கியிருக்கிறது. நடுராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்கிறது. எண்ணிக்கைதான் சரியாகிவிட்டதே என்று ஒரு நாள் விட்டேன், அப்புறம் இன்னொரு நாள். பிறகுதான் படித்தேன், எண்ணிக்கை இறங்கினாலும் அந்த செல்கள் ஒளிந்திருக்குமாம், மருந்தைச் சரியாகப் போடாதவர்களுக்குப் பலன் குறையுமாம். அந்தக் குழிக்குள் 315-ஆம் இடத்தில் திரியோனின் போய் ஐசோலூசின் வந்துவிட்டால் இமாட்டினிப் உள்ளே நுழையவே முடியாது. ஒரே ஒரு அமினோ அமிலம், மூர்த்தி. அதற்கும் பொனாட்டினிப் என்ற மருந்து இருக்கிறது, குழிப்பக்கமே போகாமல் வேறு வழியாக ஏபிஎல்லை அடக்கும் அசிமினிப் இருக்கிறது, தெரியும். இருந்தாலும் ராத்திரி இரண்டு மணிக்குக் கால் இழுக்கும்போது எனக்கு ஞாபகம் வருவது 315 மட்டும்தான்.

டாக்டரிடம் நான்கு நாள் கணக்கை அடுத்த முறை சொல்லிவிடுவேன். உன்னால் ஆக வேண்டியது ஒன்று. தினம் ராத்திரி ஒன்பதுக்கு, சாப்பிட்டதும் மாத்திரை போடும் நேரத்தில், கண்ணாடி சார் கேட்பாரே, அதை எனக்கு அனுப்பு: "குடுவையைக் கழுவினாயா?" சுமதி பார்த்தாலும் ஒன்றும் புரியாது. நான் "கழுவிட்டேன் சார்" என்று பதில் போடுகிறேன். பத்து நிமிடத்தில் பதில் வராவிட்டால் போன் பண்ணி அவர் குரலிலேயே கத்து.

உன்
ரகு