பூவின் நிறமும் மணமும் யாருக்காக?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பூக்களுக்கு நிறமும் மணமும் எதற்காக என்று ஒரு குழந்தை அனுப்பியிருந்த கேள்விக்கு, தங்கள் நாளிதழின் சிறுவர் பகுதியில் "பூச்சிகளைக் கவர்வதற்காக" என்று ஒரே வரியில் விடை வெளியாகியிருந்தது. விடையில் பிழையில்லை. ஆயினும் அந்த அளவோடு நிறுத்திவிட்டால், எல்லாப் பூக்களும் எல்லாப் பூச்சிகளையும் பொதுவாக அழைக்கின்றன என்றே குழந்தை எண்ணிக்கொள்ளும். எந்தப் பூ யாரை அழைக்கிறது என்பதில்தான் இந்தக் கேள்வியின் சுவையெல்லாம் இருக்கிறது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நின்ற இடத்தை விட்டு நகர முடியாத செடிக்கு, தன் மகரந்தத்தை அதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு செடியின் பூவில் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடியில் சேர்க்க ஒரு துணை வேண்டும். காற்றையே துணையாகக் கொண்ட புல்லுக்கும் மக்காச்சோளத்துக்கும் பகட்டான இதழ்களும் இல்லை, சொல்லும்படியான மணமும் இல்லை. உயிருள்ள ஒன்றை வரவழைக்க வேண்டிய செடிகளுக்கே இந்த அலங்காரம் தேவைப்படுகிறது.

அந்த அலங்காரத்தை நம் கண்ணைக் கொண்டு அளக்கக் கூடாது. சாம்பல் நிற அட்டைகளுக்கு நடுவே ஒரே ஒரு நீல அட்டையை வைத்து, அதன்மேல் சர்க்கரைநீர் ஊட்டித் தேனீக்களைப் பழக்கினார் கார்ல் வான் ஃபிரிஷ் என்ற ஆஸ்திரிய விலங்கியலாளர். அட்டையை இடம் மாற்றி, சர்க்கரைநீரையும் எடுத்துவிட்ட பிறகும் அவை நீலத்தையே தேடி வந்தன. சிவப்பு அட்டையில் பழக்கியபோதோ, கறுப்புக்கும் சிவப்புக்கும் வேறுபாடு தெரியாமல் தடுமாறின. (தேனீக்களைப் பற்றிய ஆய்வுகளுக்காக அவருக்கு 1973-இல் நோபல் பரிசு கிடைத்தது.) நமக்குத் தெரியாத புற ஊதாக்கதிரைத் தேனீ காணும். நம் கண்ணுக்கு முழுவதும் மஞ்சளாகத் தெரியும் சூரியகாந்தி இதழின் அடிப்பகுதி, தேனீயின் கண்ணுக்கு நுனியிலிருந்து வேறுபட்டு, நடுவைச் சுற்றி ஒரு வளையமாகத் தெரிகிறது. போய் இறங்க வேண்டிய இடத்தைக் காட்டும் குறி அது.

அப்படியானால் முள்முருங்கையும் பலாசமும் ஏன் செக்கச்செவேலென்று பூக்கின்றன? அவற்றை நாடி வருபவை பறவைகள். பறவைக்குச் சிவப்பு நன்றாகத் தெரியும். மணத்தைத் தேடி அது வருவதில்லை என்பதால் அந்தப் பூக்களில் மணமும் இல்லை. மல்லிகையோ அந்தியில் மலர்கிறது. இருட்டில் எந்த வண்ணமும் எடுபடாது. வெண்மை ஓரளவுக்குத் தெரியும், மற்றதை மணம் பார்த்துக்கொள்ளும். விட்டில்கள் அந்த மணத்தைத் தம் உணர்கொம்புகளால் பிடித்துக்கொண்டு, பூ கண்ணில் படாத தொலைவிலிருந்தே வந்து சேர்கின்றன. மணம் என்றாலே நறுமணம் என்று எண்ணுவதற்கும் இடமில்லை. சேனைக்கிழங்குப் பூ விரிந்ததும் எழுகிற அழுகல் நாற்றம் நம்மை மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடவைக்கும். அழுகியதை நாடும் வண்டுகளையும் ஈக்களையும் அதே நாற்றம்தான் இழுத்து வருகிறது.

இவை அனைத்திலும் என்னை மிகவும் வியக்க வைத்தது, வேலியோரத்து உண்ணிச்செடி. அதன் ஒரு கொத்தை அருகில் குனிந்து பார்த்தால், நடுவில் புதிதாக மலர்ந்த பூக்கள் மஞ்சளாகவும், ஓரத்தில் முன்பே மலர்ந்தவை ஆரஞ்சாகவும் சிவப்பாகவும் இருக்கும். ஒருநாள் காலையில் அரைமணி நேரம் அங்கேயே நின்று பார்த்தேன். வந்த பட்டாம்பூச்சிகள் சிவப்புப் பூக்களின் மேல் காலூன்றி நின்றனவே தவிர, உறிஞ்சுகுழலை நீட்டியதெல்லாம் பெரும்பாலும் மஞ்சள் பூக்களுக்குள்தான். தேன் மிகுந்திருப்பது மஞ்சளில். மகரந்தச் சேர்க்கை முடிந்த பூ விரைவில் நிறம் மாறிவிடுகிறது. வேலை முடிந்த பூவை உதிர்த்துவிடாமல் வைத்திருப்பதால் கொத்து பெரிதாகி, தொலைவிலிருந்தே கண்ணில் படுகிறது. அருகில் வந்த பட்டாம்பூச்சியும் வெறும் பூவில் பொழுதை வீணாக்காமல், சேர்க்கைக்குக் காத்திருக்கும் பூவுக்கே செல்கிறது.

இப்படியெல்லாம் சொல்லும்போது, செடி திட்டமிட்டே செய்வதுபோல் எழுதிவிடுவது எளிது. நானும் அப்படித்தான் எழுதி வந்திருக்கிறேன். செடிக்குத் திட்டம் ஏதும் இல்லை. தற்செயலாக நிறத்திலோ மணத்திலோ சற்று வேறுபட்டு, அதனால் கூடுதலான வருகையும் கூடுதலான விதைகளும் பெற்ற செடிகளின் வழித்தோன்றல்களே தலைமுறை தலைமுறையாகப் பெருகின என்பதையும் குழந்தைகளுக்குச் சொல்லலாம். அவர்களுக்கு இது புரியாத செய்தியன்று.

ஆகவே, சிறுவர் பகுதியில் இந்த விடையை இன்னும் சற்று விரிவாக ஒருமுறை வெளியிட வேண்டுகிறேன். அதோடு, ஏதேனும் ஒரு பூவின் அருகே காலையில் சிறிது நேரமும் அந்தியில் சிறிது நேரமும் நின்று, வந்து போகிறவை எவை என்று குறித்து அனுப்பும்படி குழந்தைகளைக் கேட்டு, அவர்கள் எழுதுவதையும் வெளியிட்டால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்