முதிர்வது வேறு, வளர்வது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆய்வகத்தில் கருமுட்டை வளர்ப்பதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதற்கு நன்றி. ஆனால் வளர்ந்த முட்டையை முதிரவைப்பதையும், இன்னும் வளரத் தொடங்காத மொட்டு நிலையிலிருந்து வளர்த்தெடுப்பதையும் கட்டுரை ஒன்றாகவே பேசிவிட்டது. குழந்தைக்காகக் காத்திருப்பவர் படித்தால் எல்லாம் கைக்கு வந்துவிட்டது என்றே நினைப்பார், அதனால்தான் எழுதுகிறேன்.

முதிரவைப்பது பழைய விஷயம். முயலின் நுண்ணறையிலிருந்து, அதாவது சினைப்பையில் முட்டை வளரும் சிறு பையிலிருந்து, கருமுட்டையை வெளியே எடுத்தாலே, பாதியில் நின்ற குன்றல் பிரிவை (குரோமோசோம்களைப் பாதியாகக் குறைக்கும் செல் பிரிவை) அது தானாகத் தொடர்வதை 1935-லேயே பிங்கஸ், என்ஸ்மன் என்ற ஆய்வாளர்கள் பார்த்துவிட்டார்கள். மனிதக் கருமுட்டையில் அதை ராபர்ட் எட்வர்ட்ஸ் 1965-இல் காட்டினார். அவை ஏற்கெனவே சினைப்பைக்குள் வளர்ந்து முடித்தவை.

கஷ்டமெல்லாம் அதற்கு முந்தைய காலத்தில்தான். பெண் சிசு தாயின் வயிற்றில் இருக்கும்போதே அதன் கருமுட்டைகள் குன்றல் பிரிவைத் தொடங்கிப் பாதியில் நின்றுவிடுகின்றன, சில முட்டைகள் நாற்பது வருடம்கூட அப்படியே காத்திருக்கும். பிறக்கும்போது பத்து இருபது லட்சம் இருந்தாலும் வாழ்நாளில் வெளிவருபவை சுமார் 400தான். வளரும் முட்டையைச் சுற்றியிருக்கும் கிரானுலோசா செல்கள் அதன் உறையைத் துளைத்து மெல்லிய இழைகளை நீட்டி ஊட்டம் கொடுக்கின்றன, நேரம் வரும்வரை பிரியவிடாமல் பிடித்து வைப்பவையும் அவையே. வெளியே எடுத்ததும் முயல் முட்டை தொடர்ந்தது இந்தப் பிடி விட்டதால்தான். முட்டையும் சும்மா இருப்பதில்லை, தன் பங்குக்குப் புரதங்களைச் சுரந்து அந்தச் செல்களை வளர்க்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலை ஆய்வகத் தட்டில் உண்டாக்குவதுதான் பெரும்பாடு, கட்டுரையில் அது ஒரு வரிகூட இல்லை.

2016-இல் ஜப்பானில் ஹயாஷி குழு சுண்டெலியின் ஸ்டெம் செல்லிலிருந்து (பலவகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) தட்டிலேயே கருமுட்டை உண்டாக்கிக் குட்டிகளும் பிறந்தன, ஆனால் துணைக்கு சுண்டெலிச் சிசுவின் சினைப்பைச் செல்கள் தேவைப்பட்டன. அவற்றையும் ஸ்டெம் செல்லிலிருந்தே செய்ய 2021 ஆனது. மனிதரில்? 2018-இல் எடின்பரோவில் ஈவ்லின் டெல்ஃபர் குழு சினைப்பைத் துணுக்குகளிலிருந்து முதிர்நிலைவரை கொண்டுவந்தவை ஒன்பதே ஒன்பது. முட்டை பிரியும்போது ஒதுக்கிவிடும் சிறு செல்லான துருவச் செல் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது, எதையும் கருவுறச் செய்து பார்க்கவும் இல்லை.

இதைக் குறைத்துச் சொல்லவில்லை. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன், பருவமடையாத சிறுமிகளின் சினைப்பைத் திசுவை உறையவைக்கிறார்கள். ரத்தப் புற்றுநோய் என்றால் திசுவைத் திரும்பப் பொருத்தும்போது நோய்ச் செல்களும் கூடவே வந்துவிடலாம். தட்டிலேயே முட்டையை வளர்க்க முடிந்தால் அந்தப் பயம் இருக்காது. அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டு, முடிந்தால் இந்தச் சிறுமிகளைப் பற்றியும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி